தம்பி வீட்டு வாசலுக்கு ஒரு முகம்

பெரம்பலூரில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். லேப் என்ற போர்டைப் பார்த்ததும் ரத்தம், சர்க்கரை சோதிக்கிற இடம் என்று நினைத்து வெறும் வயிற்றோடு படியேறி வருகிறவர்கள் உண்டு. இது அதில்லை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதை வைத்து மெழுகில் ஈறு செதுக்கி, பல் அடுக்கி, செட்டாகச் செய்து திருப்பி அனுப்புவோம். இந்த வேலையிலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டேன், பல்லைத்தான் பார்ப்பேன்.

கை சும்மா இருக்காத மாதிரியே எனக்கு வாயும் சும்மா இருக்காது. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று உரக்கச் சொல்லிவிடுவேன். மோசமாக இருப்பதை அதைவிட உரக்கச் சொல்லுவேன். இரண்டாவதால் என்னிடம் பேச்சை நிறுத்தியவர்கள் பலர். ஆனால் பெரிய வம்பு வந்தது முதலாவதால்தான்.

அரியலூரில் என் தம்பி வீடு கட்டிக்கொண்டிருந்தான். கல்லங்குறிச்சி போகிற ரோட்டை ஒட்டிய மனை. சிமெண்டு லாரிகளுக்கு டயர் வேலை பார்க்கிற கடை வைத்திருக்கிறான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான். நிலை வைத்தபோது போனேன், தளம் போட்டபோது போனேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பூசாத ஹாலின் நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று, நாலு பக்கமும் திரும்பிப் பார்த்து, “யப்பாடி! கல்யாண மண்டபம் மாதிரில்ல இருக்கு! இந்தத் தெருவுலயே இப்படி ஒரு வூடு கெடையாதுடா!” என்றேன். மனசு நிறைந்துதான் சொன்னேன். தம்பி மனைவியின் முகம் சுருங்கியதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மறுநாள் வாசல் பக்கத்துச் சன்ஷேடு இடிந்து விழுந்தது. கீழே நின்றிருந்த தம்பியின் பாதத்தில் எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். கொத்தனார் அவசரப்பட்டு முட்டுக் கம்புகளைச் சீக்கிரமே பிரித்துவிட்டார். தப்பு தன்னுடையதுதான் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். தம்பியும் அதைத்தான் சொன்னான். ஆனால் அவன் மனைவி வேறு முடிவுக்கு வந்துவிட்டாள்.

அது எனக்குத் தெரியவந்த விதம் இது. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி திரும்பியதும், அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை வந்த பிறகுதான் குடையை மறந்தது நினைவு வந்தது. திரும்பிப் போனால், வாசலில் தம்பியைக் கிழக்கு பார்த்து நாற்காலியில் உட்கார வைத்து அவள் உப்பும் மிளகாயும் சுற்றிக்கொண்டிருந்தாள். “ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாயி கண்ணு, நரி கண்ணு” என்று சொல்லிக்கொண்டே சுற்றினாள். உறவு என்கிற இடத்தில் மட்டும் குரல் அழுந்தியது. பிறகு கரி கனிந்துகொண்டிருந்த இரும்புச் சட்டியில் கொட்டினாள்.

மிளகாயை நெருப்பில் போட்டால் தெருவே இரும வேண்டும். கண் பட்டிருந்தால் மட்டும் நெடி வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மிளகாய் படபடவென்று வெடித்தது. அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், “பாத்தீங்களா, நெடியே வரல. அவ்வளவு கண்ணு! மண்டபம் மாதிரி இருக்குன்னு வாயத் தொறந்தாங்க, மறுநாளே விழுந்துச்சு. வேற யாரு, எங்க நாத்தனாருதான்” என்றாள். நான் கேட்டுக்கு வெளியே தொண்டை கமறி, கண்ணில் தண்ணீர் வழிய, முந்தானையை வாயில் திணித்து இருமலை அடக்கிக்கொண்டு நின்றேன். குடையை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

பஸ் வாரணவாசி தாண்டுகிற வரைக்கும் தொண்டை எரிந்தது. வயிறு அதற்கு மேல் எரிந்தது. நெடியே வரலையாம்! மூச்சு முட்டிச் சாகக் கிடந்தவள் நான். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிற கடை வைத்திருக்கிறார். பொறுமைசாலி. செம்புக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, உன் கண்ணு அவ்வளவு பவருன்னா என் கடைக்குப் பக்கத்துல போட்டிக்கு வந்திருக்கற ஒர்க் ஷாப்காரனைப் பாத்து நாலு வார்த்த நல்லதா சொல்லிட்டு வாயேன்” என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு நான் போடவில்லை, அவரே போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் போனில் “வரட்டுமா?” என்று கேட்டால் தம்பி மனைவி, “இப்ப வேணாம் அண்ணி, வேலை நடக்குது, ஒரே தூசியா இருக்கு” என்பாள். அரியலூரில் தூசி இல்லாத நாள் எது? தம்பி மட்டும் மறைவாகப் போட்டோ அனுப்புவான். ஒரு போட்டோவில் வாசலில் பூசணிக்காய் தொங்கியது. இன்னொன்றில் கற்றாழை, கறுப்புத் துணியில் கட்டிய படிகாரம், ஆகாயக் கருடன் கிழங்கு. மாடிக் கைப்பிடியில் ஆள் உயரத்துக்கு ஒரு வைக்கோல் பொம்மை. உற்றுப் பார்த்தேன். பொம்மை போட்டிருந்தது தீபாவளிக்கு நான் தம்பிக்கு எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை. அன்றைக்கு அழுதேன். சட்டைக்காக இல்லை. அந்தப் பொம்மைக்குக் கூட அந்த வீட்டில் ஏறி நிற்க இடம் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் புது வீட்டில் பால் காய்ச்சும்போது அடுப்பைப் பற்றவைக்கிறவள் கூடப் பிறந்தவள். என் அத்தை அப்பாவுக்குச் செய்தாள். தம்பிக்கு நான் செய்ய வேண்டும். என்னைக் கூப்பிடாமல் அவர்கள் பால் காய்ச்சிவிட்டால், அதோடு எனக்குப் பிறந்த வீடு முடிந்தது என்று அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

கார்த்திகை கடைசியில் தம்பி போன் செய்தான்.

“அக்கா, தையில பால் காய்ச்சறோம்.”

“நல்லது.”

“சின்னதாத்தான் செய்யறோம். வெளியில யாருக்கும் சொல்லல.”

“நான் அந்த யாருக்கும்ல சேத்தியாடா?”

அவன் பேச்சை மாற்றினான். “திருஷ்டி மூஞ்சி ஒண்ணு வேணும்க்கா, வாசல்ல மாட்ட. கடையில விக்கறது ரெண்டு வெயிலுக்கு வெளுத்துப் போவுது. நீதான் என்னமோ மண்ணுல அழகழகா செய்யறியே. நான் வந்து வாங்கிக்கறேன். நீ செஞ்சதுன்னு அவகிட்ட சொல்லல” என்றான்.

“மூஞ்சி வேணும், நான் வேணாமா?”

“அவ பயப்படறாக்கா. நான் என்னதான் பண்ணட்டும்?”

போனை வைத்துவிட்டேன். செய்ய மாட்டேன் என்றுதான் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு வீம்பு வந்தது. என்னை உள்ளே விடாத வாசலில் என் கை செய்தது தொங்கட்டும். தினமும் அவள் அதன் கீழேதான் போய் வரணும்.

தம்பி சொன்ன மண் உண்மையில் மண்ணே இல்லை. பாலிமர் கிளே என்று பெயர். பிசைந்தால் மைதா மாவு மாதிரி இருக்கும், ஆனால் அது பிளாஸ்டிக் வகை. தண்ணீர் சேர்க்கக் கூடாது. காற்றில் காயாது. அளவான சூட்டில் ஓவனில் வைத்தால்தான் இறுகும். லேபில் மெழுகு செதுக்குகிற கை என்பதால் எனக்குச் சுலபமாக வந்தது. முன்பே ஜிமிக்கி, சாவிக்கொத்து, ஃபிரிட்ஜில் ஒட்டுகிற குட்டி இட்லிச் சட்டி எல்லாம் செய்திருக்கிறேன். முகம் செய்தது கிடையாது. அதுவும் வாசலில் மாட்டுகிற அளவுக்கு.

பழைய எவர்சில்வர் பேசினைக் கவிழ்த்து, அதன் மேல் அலுமினியத் தாளைக் கசக்கி ஒட்டி நெற்றி, மூக்கு, கன்னத்துக்கு மேடு எழுப்பினேன். முழுக்கக் கிளேயாகவே செய்தால் கனம் தாங்காது, உள்ளே வேகாது. கறுப்பும் சிவப்பும் கலந்து பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, அந்தத் தாளின் மேல் போர்த்தினேன். அந்தக் கட்டையைப் பிறகு சப்பாத்திக்குப் பயன்படுத்தவில்லை, பயப்பட வேண்டாம். புருவத்துக்கும் மீசைக்கும் ஒவ்வொரு முடியாக உருட்டிப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் இடியாப்ப அச்சில் கிளேயைப் போட்டுப் பிழிந்தேன். அருமையாக வந்தது. மீசை இரண்டு கன்னத்தையும் தாண்டிப் போனது. இடியாப்ப அச்சும் அதோடு சமையலறையை விட்டுப் போனது.

கோபம் வரவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணாடி முன் நின்று நானே முறைத்து, எங்கே மடிப்பு விழுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கீறினேன். முறைப்பதற்கு எனக்கு அந்த நாட்களில் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தம்பி மனைவி அன்றைக்கு வாசலில் சொன்னதை ஒரு தடவை நினைத்தால் போதும், புருவம் தானாக ஏறும்.

பல்லில் வந்து கோட்டை விட்டேன். வெள்ளைக் கிளேயை எடுத்து உட்கார்ந்ததும் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. முன்பல்லுக்கு உண்டான வளைவு, ஓரப் பல்லுக்கு உண்டான சாய்வு, மேல்வரிசை கீழ்வரிசையின் மேல் இம்மியளவு ஏறி உட்காருவது எல்லாம் ஒழுங்காக வந்தது. முடித்து எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். நெற்றி கொலைவெறியில் இருக்கிறது, வாய் கல்யாண ரிசப்ஷனில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “சார் எங்க கெளம்பிட்டாரு, பொண்ணு பாக்கவா?” என்றார்.

எரிச்சல் வந்தாலும் சிரித்துவிட்டேன். நல்ல பல்லைக் கெடுப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் புரியாது. ஒன்றைச் சாய்த்தேன். ஒன்றைப் பிடுங்கினேன். இரண்டு ஓரத்திலும் கோரைப்பல் இழுத்து வைத்தேன். தூக்கத்தில் கூட அந்தப் பல்வரிசையை நேராக்க வேண்டும் போல இருந்தது. ஒருவழியாகப் பயமுறுத்துகிற வாய் வந்து, நாக்கும் வெளியே தொங்கியது. மறுநாள் விடுமுறை, சாயங்காலம் சுடலாம் என்று துணியால் மூடி வைத்துவிட்டு, காலையில் ரேஷன் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது.

“ஏங்க, எங்கங்க அது?”

“மேல வெச்சிருக்கேன். மண்ணுல செஞ்சத துணி போட்டு மூடி வெச்சா எப்படிக் காயும்? புள்ளையாரா இருந்தாக்கூட நெழல்ல வெச்சு அப்புறம் வெயில்ல வெப்பாங்க.”

மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டியை மூடுகிற தகரத்தின் மேல், காய்ந்துகொண்டிருந்த மோர்மிளகாய்க்குப் பக்கத்தில், அரக்கன் மல்லாந்து கிடந்தான். தகரச் சூட்டில் கிளே இளகி மூக்கு ஒருபக்கம் இறங்கிவிட்டது. நாக்கு கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. முகம் முழுக்கத் தூசியும் பஞ்சும். “நல்லது செய்யலாம்னுதான் புள்ள” என்று பின்னாலேயே வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “இது மண்ணு இல்ல, மண்ணு இல்லன்னு எத்தன தடவ சொல்றது! உங்க மோட்டார நான் கொண்டுபோய் தண்ணியில ஊற வெச்சேனா?” என்று கத்தினேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் அவசரமாக உள்ளே போனார்கள்.

மூக்கை வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தேன். தூசியை முழுதாக எடுக்க முடியவில்லை. அந்த இடங்களில் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி மருவாக்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் மரு வந்த பிறகு முகம் இன்னும் நன்றாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. கேக் செய்யலாம் என்று எப்போதோ வாங்கி, கேக் கருகிப்போனதால் மூலையில் கிடந்த ஓவனில் முகத்தைச் சுட்டேன். அதன் குமிழில் உள்ள எண்ணை நம்ப முடியாது என்று உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்து, ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொம்புகளைத் தனியாகச் சுட்டு ஒட்டினேன். ஆறிய பிறகு தட்டிப் பார்த்தால் டங்கென்று கேட்டது. நிம்மதியாக இருந்தது.

வண்ணம் பூசினேன். உதட்டுக்குச் சிவப்பு, நாக்குக்கு அதைவிடச் சிவப்பு, மீசை ஓரத்துக்கு வெள்ளைக் கோடு. கடைசியாகக் கண். இரண்டு வெள்ளை முட்டைக் கண்கள் பிதுங்கிக்கொண்டு நின்றன. கறுவிழி மட்டும் வைக்க வேண்டும். பிரஷைக் கறுப்பில் தோய்த்துக் கையைத் தூக்கினேன். அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. பிரஷைக் கழுவி வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன்.

“மூஞ்சி ரெடி. கண்ணு தொறக்கல.”

“தொறந்துடுக்கா, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்.”

“அதெல்லாம் முடியாது. மாட்டற எடத்துலதான் தொறக்கணும். செஞ்ச கைதான் தொறக்கணும்.”

“இது என்ன சாமியாக்கா?”

“சாமிக்கே அவ்வளவு பாக்கறாங்க. அரக்கனுக்கு எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்? உன் பொண்டாட்டிய கேட்டுப் பாரு.”

சமையலறையில் என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறிச் சிரித்தார். அப்படி ஒரு சாஸ்திரம் திருஷ்டி முகத்துக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம். இல்லாவிட்டால் இப்போது வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கண்ணில்லாத முகத்தை வாசலில் மாட்ட அவளுக்குத் துணிச்சல் வராது.

சரியாகவே கணித்திருந்தேன். அடுத்த நாள் அவளே கூப்பிட்டாள். குரலில் பயமும் இருந்தது, வெட்கமும் இருந்தது.

“அண்ணி, நல்லா இருக்கீங்களா? மூஞ்சி செய்யறது நீங்கன்னு இவரு இப்பத்தான் சொன்னாரு.”

“இருக்கேன்.”

“கண்ணு... இவரே வெச்சுட்டா ஆவாதுங்களா?”

“வெக்கட்டும். ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் போச்சுன்னா என்கிட்ட வரக் கூடாது.”

“வேற ஒண்ணு வாங்கிடலாமா?”

“வாங்கிக்க. இத என்ன பண்றது? கொம்பு, பல்லு எல்லாம் வெச்சு உன் வூட்டுப் பேர சொல்லிச் செஞ்சாச்சு. கண்ணு தொறக்காம மூலையில போட்டா நல்லதா கெட்டதா, நீயே சொல்லு.”

நீளமாக மூச்சு விட்டாள். “சரிங்கண்ணி. அன்னிக்கி ஒம்பது மணி வாக்குல வாங்க. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க” என்றாள். போனை வைத்ததும் நான் குதிக்காத குறை. பிறகுதான் உறைத்தது. பால் காய்ச்சுவது விடிகாலையில். என்னைக் கூப்பிட்டிருப்பது ஒன்பது மணிக்கு. பெயிண்ட் அடிக்கிறவர், கேமரா மாட்டுகிறவர் வரிசையில் என்னையும் ஒரு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.

போகக் கூடாது என்று முதலில் நினைத்தேன். ஆனால் வாயை விட்டு மாட்டிக்கொண்டது நான்தானே, செஞ்ச கைதான் தொறக்கணும் என்று. முகத்தைக் காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் ஒரே ஒரு உறுதி எடுத்துக்கொண்டேன். என்ன பார்த்தாலும் நல்லா இருக்கு என்று சொல்லக் கூடாது.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மாக்கோலம் காய்ந்து கால்தடங்களில் அழிந்திருந்தது. உள்ளே பால் காய்ச்சிய புது அடுப்பு அணைந்து, சட்டியின் ஓரத்தில் பால் பொங்கி வழிந்த கறை உலர்ந்திருந்தது. யார் பற்றவைத்தது என்று நான் கேட்கவில்லை. தம்பி மனைவியுடைய அக்காவின் இடுப்பில் தீப்பெட்டி இன்னும் செருகியிருந்தது. நான் அட்டைப் பெட்டியை இறக்கி வைத்தேன். தம்பி என் முகத்தைப் பார்க்காமல், “வா அக்கா, மாமா வாங்க” என்று நாற்காலி இழுத்துப் போட்டான். இன்னும் லேசாகக் காலை இழுத்துத்தான் நடந்தான்.

“எப்படி இருக்கு அக்கா வூடு?”

வீடு அற்புதமாக இருந்தது. வெளிச்சம் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. தரை பளபளவென்று இருந்தது. நான் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு, “இருக்கு” என்றேன். சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவி நான் வாயைத் திறந்ததும், கண் பட்டுவிடுமோ என்று விரலை மடக்கிக்கொண்டாள். இருக்கு என்பதோடு நான் நிறுத்தியதும் விரல் பிரிந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வாசல் நிலைக்கு மேல் ஆணி தயாராக இருந்தது. தம்பி ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி முகத்தை மாட்டினேன். கீழே பெண்கள் கூடிவிட்டார்கள். பிரஷைத் தோய்த்து எதிரே நின்றபோது கீழேயிருந்து தம்பி மனைவி கத்தினாள்.

“அண்ணி, நேரா நிக்காதீங்க! மொதப் பார்வ உங்க மேல விழுந்துடப் போவுது! செத்த இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வரேன்.”

ஓடிப்போய், முகம் பார்க்கிற கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து ஏணியின் இரண்டு படி ஏறி நீட்டினாள். நான் அவளைக் குனிந்து பார்த்தேன். நிஜமாகவே பயந்திருந்தாள், எனக்காக. கண்ணாடியை வாங்கி இடது கையால் அரக்கன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஓரமாகச் சாய்ந்து நின்று விழி வைத்தேன். வலது, பிறகு இடது. வெள்ளைப் புள்ளி ஒன்று ஒன்று. கடைசிப் புள்ளி விழுந்ததும் கீழே எல்லோரும் “யம்மாடி!” என்றார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதைவிட நல்ல பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அப்புறம் ஒரே கூத்து. ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள். “இவங்களா செஞ்சாங்க? கையாலயா?” “அந்த மீசையப் பாரேன், முடி முடியா!” “அக்கா, எங்க வூட்டுக்கும் ஒண்ணு.” “இந்தக் கைக்குத் தங்க வளையல் போடணும்.” கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், கோயில் சிலைகளைத் தினமும் பார்க்கிறவளாம், முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அணைந்த அடுப்புப் பக்கம் பார்வை போகும்போதெல்லாம் அந்தச் சந்தோஷம் பாதியில் நின்றது. சாப்பிட்டோம். கேசரியில் முந்திரி நிறைய இருந்தது. அதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

“போயிட்டு வரோம்” என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். பால் காய்ச்சுகிற உரிமை போனது போனதுதான். தம்பி கேட் வரைக்கும் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். “கால பாத்துக்கடா” என்றேன். வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

“அண்ணி, நில்லுங்க! வண்டியில ஏறாதீங்க!”

தம்பி மனைவி வேகமாக வந்தாள். ஒரு கையில் கரி கனிந்த இரும்புச் சட்டி. இன்னொரு கை பொத்தியிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் போகிற வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லையா, என் எதிரிலேயே வீட்டுக்குச் சுற்றப் போகிறாளா என்று ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்துவிட்டேன், அதற்குள் அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“கெழக்க பாத்து நில்லுங்க. அத்தன பேரு கண்ணும் உங்க மேலதான் இருந்துச்சு. அந்தப் பொம்பள உங்க வெரல எப்படிப் பாத்துச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இப்படியே உங்கள அனுப்பிச்சா எனக்குத் தூக்கம் வருமா?”

உப்பும் மிளகாயும் என் தலையைச் சுற்றி வந்தன. “ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாயி கண்ணு, நரி கண்ணு.” உறவு என்கிற இடத்தில் அவள் குரல் அழுந்தவில்லை, மற்றதோடு மற்றதாக ஓடிப் போயிற்று. என்னைத் துப்பச் சொன்னாள், துப்பினேன். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் அம்மா போன பிறகு யாரும் எனக்குச் சுற்றிப் போட்டதில்லை.

சட்டியில் கொட்டினாள். மிளகாய் வெடித்தது. காற்று நேராக எங்கள் பக்கம் திரும்பியது. நெடி மூக்கில் ஏறி, தொண்டையைப் பிடித்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவள் குனிந்து சட்டியைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

“பாத்தீங்களா அண்ணி, நெடியே வரல. எவ்வளவு கண்ணு உங்க மேல!”

வண்டியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் இரும ஆரம்பித்தார். நான் அவர் காலை நன்றாக மிதித்தேன். தொண்டையில் இருந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

“ஆமாம்மா” என்றேன். “நெடியே இல்ல.”